பேஜ்மேக்கர் பழைய ஃபைல்களுக்காக விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி: லாக், எழுத்துரு, பிடிஎஃப்

#1 மைப்பெட்டி

வணக்கம். அச்சகத்துக்கான கேள்வி இது. 1998 முதல் 2009 வரை கம்போஸ் ஆன புத்தகங்கள் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) 6.5, 7.0 ஃபைல்களாக இருக்கின்றன. எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தியவை: பாமினி, டாப், கூடவே யூஎஸ்பி லாக் (உரிமத்துக்கான சிறு பூட்டுக் கருவி) போட்டால்தான் ஓடும் ஒரு தொகுப்பு. பழைய எக்ஸ்பி கணினியில் மதர்போர்டு போய்விட்டது, ஹார்ட்டிஸ்க் நன்றாக இருக்கிறது. கைவசம் விண்டோஸ் 11 கணினி ஒன்று, உபுண்டு கணினி ஒன்று, இரண்டிலும் 16 ஜிபி ரேம்.

வேண்டியவை: பழைய ஃபைல் பக்கம் நகராமல் திறக்க வேண்டும், பிளேட்டுக்குப் போகிற மாதிரி பிடிஎஃப் எடுக்க வேண்டும், மேட்டரை (புத்தக வாசகத்தை) யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளில், எக்ஸ்பி போட்டால் இதெல்லாம் நடக்குமா? எந்த அமைப்பில் போட வேண்டும்?

#2 ஆணிவேர்

நடக்கும். ஆனால் எக்ஸ்பிக்கு இன்றைய கணினியின் பாகம் எதுவுமே தெரியாது. 2001 அக்டோபரில் வந்த அமைப்பு அது, கடைசி சர்வீஸ் பேக் 2008இல். அதனால் அதற்குத் தெரிந்த பாகங்களை மட்டும் விஎம்மில் (விர்ச்சுவல் மெஷின், உள்ளே ஓடும் பாவனைக் கணினி) கொடுக்க வேண்டும். புதிதாக நிறுவுவதானால் இப்படிப் போங்கள்.

முதலில் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் போர்டில் விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டியில் எஸ்விஎம் என்றும் இருக்கும். விண்டோஸ் 11இல் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் கீழே எழுதியிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் இது இல்லாமல் எதுவும் ஓடாது.

புது விஎம் உருவாக்கும்போது வகை விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட். ஐஎஸ்ஓவைக் காட்டிய உடனே 7.0க்குப் பிந்தைய பதிப்புகள் தாமாகவே நிறுவல் தொடங்கப் பார்க்கும். தானியங்கி நிறுவலைத் தவிர் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் சாவி எண் இல்லை என்று பாதியில் நிற்கும்.

ரேம் 1 ஜிபி தாராளம். பேஜ்மேக்கருக்கு 512 எம்பியே போதும். சிபியு ஒன்றே ஒன்று கொடுங்கள். பேஜ்மேக்கர் இரண்டாவது கோரைத் தொடப்போவதில்லை. தவிர, ஒற்றை சிபியுவில் நிறுவும்போது எக்ஸ்பி அதற்கேற்ற ஹால் கோப்பை (வன்பொருளோடு பேசும் அடுக்கு) போட்டுக்கொள்ளும், பிறகு நீங்கள் எண்ணிக்கையைக் கூட்டினால் அதற்குத் தெரியாது. ஐஓ ஏபிக் (பாகங்கள் சிபியுவுக்கு அனுப்பும் சைகைகளைக் கையாளும் அமைப்பு) பெட்டியை நிறுவும் முன்பே முடிவு செய்யுங்கள். டிக் செய்து நிறுவிவிட்டு அப்புறம் எடுத்தால் பூட் ஆகாது.

டிஸ்க் கன்ட்ரோலர் ஐடிஇ, பிஐஐஎக்ஸ்4. சாட்டா வேண்டாம். எக்ஸ்பி சிடியில் ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது, ஹார்ட்டிஸ்க்கே இல்லை என்று சொல்லும் அல்லது 7பி நீலத்திரை வரும். ஈஎஃப்ஐ பெட்டி காலியாக இருக்கட்டும். டிஸ்ப்ளே விபாக்ஸ்விஜிஏ, வீடியோ மெமரி 64 எம்பி. ஒலி ஏசி97. நெட்வொர்க் கார்டு வைப்பதானால் பிசிநெட் ஃபாஸ்ட் 3 அல்லது இன்டெல் ப்ரோ 1000 டி சர்வர். இந்த இரண்டுக்கும் எக்ஸ்பிக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. அதே இன்டெல் வரிசையில் எம்டி டெஸ்க்டாப் என்று ஒன்று தெரியும், அது விஸ்டாவுக்கு அப்புறம்தான்.

டிஸ்க் இரண்டாகப் போடுங்கள். சி டிரைவுக்கு 20 ஜிபி. வேலை ஃபைல்களுக்கு இன்னொரு விர்ச்சுவல் டிஸ்க், அதைப் பழைய கணினியில் என்ன எழுத்தில் இருந்ததோ அதே எழுத்தில். டி டிரைவில் படங்கள் இருந்த புத்தகம் என்றால் இங்கேயும் டி. பேஜ்மேக்கர் படங்களை முழுப் பாதையோடு நினைவில் வைத்திருக்கும். எழுத்து மாறினால் ஒவ்வொரு படத்துக்கும் எங்கே என்று கேட்டு உயிரை வாங்கும். சிடி டிரைவ் டி எழுத்தைப் பிடித்துக்கொண்டால் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதை இசட்டுக்கு நகர்த்துங்கள்.

இரண்டாவது டிஸ்க்கை விர்ச்சுவல் மீடியா மேனேஜரில் ரைட்த்ரூ வகைக்கு மாற்றிவிடுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்கு (விஎம்மின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்த பதிவு) திரும்பும்போது சி டிரைவ் மட்டும் பின்னால் போகும், வேலை ஃபைல் தொடப்படாது. இதைச் செய்யாமல் ஸ்னாப்ஷாட் திருப்பினால் அன்றைக்குத் திருத்திய மேட்டரும் சேர்ந்து போய்விடும். ரைட்த்ரூ டிஸ்க்குக்கு ஸ்னாப்ஷாட் காவல் கிடையாது, அதற்குத் தனியாக நகல் எடுக்க வேண்டும்.

எல்லா மாற்றத்தையும் முடித்துவிட்டு ஆக்டிவேஷன் பக்கம் போங்கள். எக்ஸ்பி வன்பொருள் மாற்றங்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

#3 பாதரசம்

எதற்கு இத்தனை பாடு? இன்டிசைனில் நேரே திறந்துவிடலாமே.

#4 கட்டைவிரல்

@பாதரசம், எந்த இன்டிசைனில் என்பதுதான் கேள்வி. பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரை உள்ள ஃபைல்களை சிஎஸ்6 வரைக்கும் உள்ள இன்டிசைன் திறக்கும். இன்று சந்தா கட்டி வாங்குகிற பதிப்பு திறக்காது. சிஎஸ்6 வைத்திருந்தாலும் வரி முறியும் இடம் மாறும், ஏனென்றால் இரண்டும் வரி அமைக்கும் கணக்கு வேறு. 300 பக்கப் புத்தகத்தில் ஒரு வரி நகர்ந்தால் பொருளடக்கமே பொய்யாகிவிடும்.

இன்னொன்று, அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்களில் டைப் 1 (அடோபியின் பழைய எழுத்துரு வடிவம்) வகையும் உண்டு. அடோபி 2023 ஜனவரியோடு தன் மென்பொருள்களில் டைப் 1 ஆதரவை நிறுத்திவிட்டது. எக்ஸ்பி டைப் 1, ட்ரூடைப் இரண்டையும் தானே படிக்கும், தனியாக டைப் மேனேஜர்கூடத் தேவையில்லை. மறு அச்சு என்றால் எக்ஸ்பியில் பேஜ்மேக்கரே சரி. புத்தகத்தைப் புதிதாக வடிவமைக்கப் போகிறார்கள் என்றால் பக்கம் நகர்வதைப் பற்றிக் கவலை இல்லை, மேட்டரை மட்டும் உருவினால் போதும்.

#5 மைப்பெட்டி

ஆணிவேர் சார், சொன்னபடி விண்டோஸ் 11இல் போட்டாகிவிட்டது. எக்ஸ்பி நிறுவல் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது. விஎம் சாளரத்தின் கீழ் வரிசையில் பச்சை ஆமை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது என்ன?

#6 ஆணிவேர்

அந்த ஆமைதான் விஷயமே. விண்டோஸே ஹைப்பர்-வி என்ற தன் ஹைப்பர்வைசரை முதலில் ஏற்றிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். சிபியுவின் விர்ச்சுவலைசேஷன் வசதி அதன் கையில், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடுகிறது. புதிய கெஸ்ட்கள் (விஎம்முக்குள் ஓடும் அமைப்புகள்) இதை ஓரளவு தாங்கும், எக்ஸ்பி போன்ற பழசுகள் நொண்டும்.

அணைக்க வேண்டியவை ஒன்றுக்கு மேல், ஒன்று மிஞ்சினாலும் ஆமை போகாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசோலேஷன், அதற்குள் மெமரி இன்டெக்ரிட்டி. பிறகு விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகிய நான்கும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 இருந்தால் அது விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் மேல்தான் நிற்கிறது, அணைத்தால் அதுவும் நின்றுவிடும். இவ்வளவுக்கும் அசையாவிட்டால் நிர்வாகி உரிமையில் கட்டளைச் சாளரம் திறந்து, பிசிடிஎடிட் வழியாக ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப் என்பதை ஆஃப் ஆக்க வேண்டும். அதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியைத் தாளில் குறித்து வையுங்கள். பூட் அமைப்பு மாறினால் அடுத்த முறை அது சாவி கேட்கலாம்.

ரீஸ்டார்ட் செய்த பிறகு ஆமை இருந்த இடத்தில் வி என்ற எழுத்துள்ள சிறு சிப் படம் தெரிந்தால் சரி.

#7 செம்பருத்தி

மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்புக்காக வைத்தது. இணையத்தில் உலாவுகிற, வங்கிக் கணக்கு பார்க்கிற கணினியில் இதை அணைப்பது நல்ல யோசனையாகத் தெரியவில்லை. உபுண்டு கணினிதான் இருக்கிறதே, விஎம்மை அங்கே வைத்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

#8 ஆணிவேர்

ஒத்துக்கொள்கிறேன், உபுண்டுதான் மேல். ஆனால் அங்கே வேறு இரண்டு முட்டுக்கட்டை உண்டு.

செக்யூர் பூட் திறந்திருந்தால், விர்ச்சுவல்பாக்ஸின் கர்னல் மாட்யூல் கையெழுத்து இல்லாமல் ஏறாது. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவினால், நடுவில் கடவுச்சொல் ஒன்று கேட்கும். எதற்கு என்று புரியாமல் எதையோ அடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மறு பூட்டில் நீலத் திரை வரும். அதில் என்ரோல் மாக் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். சில விநாடிகளில் அந்தத் திரை போய்விடும், விட்டால் திரும்ப முதலிலிருந்து.

அடுத்தது கர்னல் 6.12 முதல் வருவது. லினக்ஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் வசதியான கேவிஎம் மாட்யூல் ஏறும்போதே சிபியுவின் விர்ச்சுவலைசேஷனைத் தன் பிடியில் எடுத்துக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்மைத் தொடங்கினால் விஎம்எக்ஸ் ரூட் மோடில் ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள் என்ற பொருளில் பிழை வரும். கேவிஎம் தேவையில்லை என்றால் அந்த மாட்யூலை இறக்கிவிட்டால் அப்போதைக்கு ஓடும். நிரந்தரத் தீர்வுக்கு, க்ரப் (பூட் செய்யும் நிரல்) அமைப்பில் கர்னல் வரியோடு கேவிஎம்மின் எனேபிள் விர்ட் அட் லோட் என்ற அளவுருவை பூஜ்யமாக்கிச் சேர்த்து, க்ரப்பைப் புதுப்பியுங்கள்.

#9 நுகத்தடி

ஒரே கேள்வி: எக்ஸ்பியைப் புதிதாக நிறுவுவதை விட்டு, அந்தப் பழைய ஹார்ட்டிஸ்க்கையே அப்படியே விஎம் ஆக்கினால் என்ன? எழுத்துரு, பேஜ்மேக்கர், லாக் டிரைவர் எல்லாம் அதிலேயே இருக்குமே.

#10 ஆணிவேர்

முயன்று பார்க்கலாம். லாக்கோடு வந்த தொகுப்பின் நிறுவல் சிடி தொலைந்துபோயிருந்தால் அதுதான் ஒரே வழியும்கூட.

டிஸ்க்கை யூஎஸ்பி அடாப்டரில் உபுண்டுவோடு இணையுங்கள், மவுன்ட் செய்ய வேண்டாம். டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். சாதாரண டிடி கட்டளை கெட்ட செக்டர் ஒன்றைக் கண்டால் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய், விட்ட இடங்களைப் பதிவேட்டில் குறித்து, கடைசியில் திரும்பி வந்து மீண்டும் படிக்கும். பிறகு விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளை நிரலான விபாக்ஸ்மேனேஜின் கன்வர்ட்ஃப்ரம்ரா கட்டளையால் விடிஐ (விர்ச்சுவல் டிஸ்க் கோப்பு) ஆக்கலாம். 80 ஜிபி டிஸ்க் என்றால் பிம்பத்துக்கும் 80 ஜிபி காலியிடம் வேண்டும்.

ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டி பூட் செய்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும்.

7பி நீலத்திரை: பழைய போர்டின் டிஸ்க் டிரைவர்தான் எக்ஸ்பிக்குத் தெரியும், விஎம்மின் ஐடிஇ தெரியாது. பழைய கணினி உயிரோடு இருந்தால் மெர்ஜ்ஐடிஇ என்ற சிறு கருவியை முன்கூட்டியே அங்கே ஓட்டிவிட்டு எடுப்பார்கள். போர்டு போய்விட்ட நிலையில் ரிப்பேர் நிறுவல்தான். எக்ஸ்பி சிடியில் பூட் செய்து, முதல் திரையில் ஆர் அழுத்தாதீர்கள், அது ரெக்கவரி கன்சோல். என்டர், எஃப்8, அதற்கடுத்து ஏற்கெனவே உள்ள விண்டோஸைக் காட்டும்போது ஆர். எழுத்துருவும் நிரல்களும் அப்படியே இருக்கும், சிஸ்டம் கோப்புகள் மட்டும் புதிதாகும்.

கறுப்புத் திரையில் நின்றுவிடுவது: பழைய கணினி இரட்டைக் கோர் என்றால் ஐஓ ஏபிக் திறந்திருக்க வேண்டும்.

பூட் ஆகும்போது இன்டெல்பிபிஎம் பெயரைச் சொல்லி விழுவது: இன்டெல் சிபியுவின் மின் மேலாண்மை டிரைவர் அது, விஎம்முக்குள் அதற்கு வேலை இல்லை. ரெக்கவரி கன்சோலில் போய் டிசேபிள் கட்டளையால் அதை நிறுத்தினால் போதும்.

#11 மட்டுறுத்துநர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது, விஎம்முக்கு நகர்த்த உரிமம் தராது. தனியாகப் பெட்டியில் வாங்கிய உரிமம் வேறு. சாவி எண், கிராக், ஐஎஸ்ஓ இணைப்பு எதையும் இங்கே கேட்கவோ பகிரவோ வேண்டாம். இன்னொன்று, விர்ச்சுவல்பாக்ஸ் அடிப்படைத் தொகுப்பு இலவசம், எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு வணிகப் பயன்பாட்டுக்கு இலவசம் அல்ல. அச்சகம் என்பதால் சொல்கிறேன்.

#12 கட்டைவிரல்

எக்ஸ்டென்ஷன் பேக் இதற்குத் தேவையே இல்லை. யூஎஸ்பி 2.0 ஒரு காலத்தில் அதில் இருந்தது, 7.0 முதல் அடிப்படைத் தொகுப்புக்கே வந்துவிட்டது.

லாக் பற்றி. யூஎஸ்பி அமைப்பில் 2.0ஐத் தேர்வு செய்யுங்கள், 3.0 வேண்டாம். எக்ஸ்பிக்கு 3.0 கன்ட்ரோலர் டிரைவர் கிடையாது, மாட்டியது எதுவுமே தெரியாது. உபுண்டுவில் உங்கள் பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். சேர்த்த உடனே பட்டியல் காலியாகத் தெரிவது இதனால்தான். பிறகு லாக்கைச் செருகி, யூஎஸ்பி ஃபில்டரில் பிளஸ் அழுத்திச் சேர்த்தால், விஎம் ஓடும்போதெல்லாம் அது நேரே உள்ளே போகும்.

வரிசை முக்கியம். எக்ஸ்பிக்குள் லாக்கின் டிரைவரை முதலில் நிறுவுங்கள், லாக்கை அப்புறம் செருகுங்கள். மாற்றிச் செய்தால் எக்ஸ்பி அதை அறியாத சாதனம் என்று பதிந்துகொள்ளும். பிறகு டிவைஸ் மேனேஜரில் நீக்கிவிட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

அதற்கும் முந்திய லாக்குகள் பிரிண்டர் போர்ட்டில், அதாவது பேரலல் போர்ட்டில் மாட்டுபவை. யாராவது அதை வைத்துக்கொண்டு யூஎஸ்பியிலிருந்து பேரலல் ஆக்கும் கேபிள் வாங்கப் போகிறீர்கள் என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். அந்தக் கேபிள் பிரிண்டருக்காகச் செய்தது. லாக் நிரல் போர்ட்டின் முகவரியில் நேரே எழுதிப் படிக்கும். அந்த முகவரியில் கேபிள் எதையும் காட்டாது.

#13 மைப்பெட்டி

உபுண்டுவில் பழைய டிஸ்க் பிம்பமே ஓடுகிறது. ரிப்பேர் நிறுவல் தேவைப்பட்டது. லாக்கும் உள்ளே தெரிகிறது. இரண்டு சிக்கல். கெஸ்ட் அடிஷன்ஸ் (விஎம்முக்குள் போடும் விர்ச்சுவல்பாக்ஸ் டிரைவர் தொகுப்பு) நிறுவும்போது பிழை காட்டுகிறது. அப்புறம், ஷேர்டு ஃபோல்டரில் உள்ள ஃபைலை பேஜ்மேக்கரில் நேரே திறந்தால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் இல்லை.

#14 ஆணிவேர்

புதிய கெஸ்ட் அடிஷன்ஸ் எக்ஸ்பியில் முரண்டு பிடித்தால் 5.2.44 பதிப்பின் ஐஎஸ்ஓவை எடுத்துப் போடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் புதிதாகவும் அடிஷன்ஸ் பழையதாகவும் இருந்தால் குடி முழுகிவிடாது. எக்ஸ்பியின் திரை அளவு, மவுஸ், கிளிப்போர்டு, ஷேர்டு ஃபோல்டர் இவ்வளவுதான் வேண்டும், அதெல்லாம் ஓடும். டிரைவர் கையெழுத்து இல்லை என்று எக்ஸ்பி எச்சரித்தால் தொடரலாம்.

ஷேர்டு ஃபோல்டரைப் போக்குவரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கர் திறந்திருக்கும் ஃபைலில் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும் பழக்கமுடையது, நெட்வொர்க் பாதை அதற்கு எப்போதுமே ஒத்துவராது. டி டிரைவுக்கு நகலெடுத்து, அங்கே வேலை செய்து, முடிந்ததும் திரும்ப வெளியே நகலெடுங்கள். ஃபோல்டர் பெயரையும் ஃபைல் பெயரையும் ஆங்கிலத்தில், சுருக்கமாக வையுங்கள்.

#15 பாதரசம்

ஷேர்டு ஃபோல்டருக்குப் பதில் நெட்வொர்க் ஷேர் போட்டுவிடலாமே, அச்சகத்தில் எல்லாக் கணினியும் எடுக்கலாம்.

#16 செம்பருத்தி

வேண்டவே வேண்டாம். எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பி 1 (கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பு) மட்டும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை, காரணத்தோடுதான். 2017இல் வான்னக்ரை பரவியது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாக. எக்ஸ்பிக்காக மற்ற கணினிகளில் அதைத் திறந்து வைப்பது வாசல் கதவைக் கழற்றி வைப்பது மாதிரி.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. நெட்வொர்க் அமைப்பில் இணைக்கப்படவில்லை என்பதையே வைத்துவிடுங்கள். பேஜ்மேக்கருக்கு இணையம் எதற்கு? பழைய டிஸ்க்கிலிருந்து வந்த பிம்பம் என்றால் பழைய பென்டிரைவ் வைரஸ்களும் சேர்ந்தே வந்திருக்கும். ஷேர்டு ஃபோல்டரில் வந்து விழுவதை வெளியே ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள்.

#17 கட்டைவிரல்

இப்போது பிடிஎஃப். எழுத்துருவில் தொடங்க வேண்டும். பழைய ஃபைலைத் திறந்ததும் பேனோஸ் என்ற சாளரம் வந்து, இந்த எழுத்துரு இல்லை, பதிலாக இதைப் போடவா என்று கேட்டால் நிரந்தரம் என்பதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. சேமித்தால் முடிந்தது, எது தமிழ் எது ஆங்கிலம் என்ற தடயமே ஃபைலில் இருக்காது. தற்காலிகம் கொடுத்துத் திறந்து, யுடிலிட்டீஸ், பிளக்இன்ஸ், பப் இன்ஃபோ போங்கள். ஃபைலில் பயன்பட்ட எழுத்துருக்களும் இணைத்த படங்களும் பட்டியலாக வரும். இல்லாததை நிறுவிவிட்டு மீண்டும் திறங்கள்.

எழுத்துரு சிடியில் உள்ள 600ஐயும் மொத்தமாக நிறுவாதீர்கள். பேஜ்மேக்கர் திறக்கவே நேரம் எடுக்கும். ஒரே பெயரில் இரண்டு பதிப்பு எழுத்துரு இருந்தால் அகலம் மாறி வரி நகரும், அதைக் கண்டுபிடிப்பது நரக வேதனை.

பேஜ்மேக்கர் இயல்பு பிரிண்டரின் அளவைப் பார்த்துத்தான் பக்கத்தைக் கணக்கிடும். பிரிண்டரே இல்லாத எக்ஸ்பியில் ஏதாவது ஒரு பிழை வரத்தான் செய்யும். 7.0 பெட்டியோடு டிஸ்டில்லர் (பிடிஎஃப் ஆக்கும் நிரல்) வந்திருக்கும். அதை நிறுவி டிஸ்டில்லர் பிரிண்டரை இயல்பாக்குங்கள். அச்சு சாளரத்தில் பிபிடி (பிரிண்டர் விவரக் கோப்பு) என்ற இடத்தில் அக்ரோபாட் டிஸ்டில்லரைத் தேர்ந்தெடுங்கள். பேப்பர் பக்கத்தில் தாள் அளவை அங்கேயும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

எழுத்துரு உட்பொதிய இரண்டு இடம். டிஸ்டில்லரின் ஜாப் ஆப்ஷன்ஸில் எல்லா எழுத்துருவையும் உட்பொதி என்பது. பிரிண்டரின் பண்புகளில், டிஸ்டில்லருக்கு எழுத்துரு அனுப்பாதே என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விடுவதால்தான் எக்ஸ்பியில் சரியாகத் தெரிந்த பிடிஎஃப் வெளியே போனதும் ஐரோப்பிய எழுத்துகளாக இளிக்கும். சரிபார்ப்பதை எக்ஸ்பிக்குள் செய்யாதீர்கள், அங்கே எழுத்துரு நிறுவியிருப்பதால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். உபுண்டுவில் திறந்து ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் உட்பொதிந்தது என்று இருக்க வேண்டும்.

விஎம்மிலிருந்து நேரே பிரிண்டருக்கு அடிக்க மெனக்கெட வேண்டாம். பிடிஎஃப் ஆக்கி வெளியே எடுத்து அடிப்பதே சுகம்.

#18 நுகத்தடி

திறக்கும்போது பேட் ஹோல் ரெக்கார்ட் இண்டெக்ஸ் என்று வருகிற ஃபைல்களுக்கு?

#19 கட்டைவிரல்

அது விஎம் குற்றம் அல்ல, ஃபைலின் உள் அட்டவணை குலைந்தது. அந்தக் காலத்தில் ஃப்ளாப்பியிலேயே திறந்து வேலை செய்தால் வரும். திறந்த பிறகு வந்தால் உடனே வேறு பெயரில் சேவ் அஸ் கொடுங்கள், ஃபைல் முழுதாக மீண்டும் எழுதப்படும், பல நேரம் அதிலேயே சரியாகும். திறக்கவே மறுத்தால் புது ஃபைலில் பிளேஸ் கட்டளை வழியாக அந்த ஃபைலைக் காட்டிப் பாருங்கள், மேட்டர் மட்டுமாவது உள்ளே வரலாம். மூல ஃபைல் மேல் எப்போதும் சேமிக்காதீர்கள்.

#20 செம்பருத்தி

யூனிகோடு மாற்றத்துக்கு நான் வருகிறேன், அதிகம் சொதப்புகிற இடம் இதுதான்.

பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. மேட்டரை வெறும் ஏரியல் எழுத்துருவில் பார்த்தால் வகை தெரிந்துவிடும். சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி குடும்பம். தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் டாப், திஸ்கி போன்றவை. டாப்பும் டாமும் 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அரசுத் தரங்கள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக்கியது. லாக்கோடு வந்த தொகுப்புகள் பெரும்பாலும் தமக்கென்று தனிக் குறியீடு வைத்திருந்தன, மாற்றியில் அதன் பெயரையே தேட வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டரில் நிறைய வகைகள் உண்டு.

ஏற்றுமதியை ஆர்டிஎஃப் வடிவில் எடுங்கள், வெறும் டெக்ஸ்ட் வேண்டாம். டாப் இருமொழி எழுத்துரு, ஆங்கிலம் அதே எழுத்துருவில் இருக்கும், பரவாயில்லை. பாமினியில் ஆங்கிலச் சொல் வந்தால் டைம்ஸ் போன்ற வேறு எழுத்துருவில் அடித்திருப்பார்கள். டெக்ஸ்டாக எடுத்தால் அந்த எல்லை அழிந்து, மாற்றி ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கிவிடும். ஆர்டிஎஃபில் எழுத்துருப் பெயர் கூடவே வரும், பாமினி உள்ள பகுதியை மட்டும் மாற்றலாம். கர்சர் எந்தக் கட்டுரையில் நிற்கிறதோ அது மட்டுமே ஏற்றுமதியாகும். அடிக்குறிப்பு, பெட்டிச் செய்தி எல்லாம் தனித்தனிக் கட்டுரைகள், ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

கிளிப்போர்டு வழியாக விஎம்மிலிருந்து வெளியே ஒட்டாதீர்கள். நடுவே குறியீடு மாற்றம் நடக்கிறது. 128 முதல் 159 வரையிலான இடங்களில் சில, விண்டோஸ் 1252 அட்டவணையில் காலி. 173 என்ற இடம் ஐரோப்பிய அட்டவணையில் மென் இணைப்புக்குறி, ஒட்டியதும் கண்ணுக்கு மறைந்துவிடும். திஸ்கியின் தொடக்கப் பதிப்புகளில் அந்த இடத்தில் இருந்தது ‘இ’. மேட்டரில் ‘இந்த’, ‘இது’ எல்லாம் தலையில்லாமல் ‘ந்த’, ‘து’ என்று வந்தால் இதுதான் காரணம். ஆர்டிஎஃப் கோப்பாகவே ஷேர்டு ஃபோல்டரில் வெளியே கொண்டுவாருங்கள்.

மாற்றிய பிறகு கண்ணால் பார்க்க வேண்டியவை: பழைய எழுத்துருவில் ‘ஔ’காரக் குறியின் வலப்பாகமும் ‘ள’வும் ஒரே வடிவம். அதனால் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிவிடும். இதை எந்த மாற்றியும் தானாகத் தீர்க்க முடியாது, ‘கெளரி’, ‘மெளனம்’, ‘பெளர்ணமி’ என்று தேடித் திருத்துவதுதான். காலுக்குப் பதில் ‘ர’ அடித்த பழைய கம்போசிங்கும் உண்டு, திரையில் ஒன்றுபோலத் தெரிந்ததால் அப்போது யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும் குறிகளையும் தேடுங்கள். கொம்பு இடம் மாறியதும், இரண்டு முறை அடித்ததும் அங்கே தெரியும்.

#21 பாதரசம்

எங்கள் பக்கம் எம் வரிசை மேக் இருக்கிறது. அதிலும் இதே முறையா?

#22 ஆணிவேர்

இல்லை. அது ஆர்ம் சிப். 7.1 முதல் ஆப்பிள் சிப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும்தான், ஆனால் உள்ளே ஆர்ம் அமைப்புகள் மட்டும். எக்ஸ்பி எக்ஸ்86. யூடிஎம் என்ற நிரலில் க்யூஎம்யு கொண்டு சிபியுவையே பாவனை செய்யலாம், ஆனால் அது மெதுவாக ஓடும். அவசரத்துக்கு ஒரு ஃபைல் திறக்க ஆகும், தினப்படி வேலைக்கு ஆகாது. பழைய இன்டெல் கணினி ஒன்றில் விஎம்மை வைத்துக்கொள்வது நல்லது.

யாராவது விண்டோஸ் 98 கேட்பதற்கு முன்: எக்ஸ்பியைவிட அது தொல்லை. ஏஎம்டி ஜென் 2 முதலான சிபியுக்களிலும் இன்டெல் 11ஆம் தலைமுறை முதலானவற்றிலும், அதன் நினைவக மேலாண்மைப் பிழை ஒன்று வெளியே தெரிந்து நிறுவல் நடுவிலேயே விழும். பேட்சர்9எக்ஸ் என்ற ஒட்டு போட வேண்டும். ரேம் 512 எம்பிக்கு மேல் கொடுக்கக் கூடாது. கெஸ்ட் அடிஷன்ஸ் அதற்கு வரவே இல்லை. பேஜ்மேக்கர் 6.5 எக்ஸ்பியிலேயே ஓடும்போது அங்கே போக வேண்டிய அவசியம் என்ன?

#23 மைப்பெட்டி

பிடிஎஃப் சரியாக வருகிறது, உபுண்டுவில் பார்த்தாலும் எழுத்துரு உட்பொதிந்தே காட்டுகிறது. இரண்டாவது டிக்தான் குற்றவாளி, கட்டைவிரல் அண்ணனுக்கு நன்றி. கடைசியாக ஒன்று: இந்த விஎம்மை இன்னொரு கணினியிலும் ஒரு நகல் வைக்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்து ஓவிஏவாக (முழு விஎம்மையும் அடக்கும் ஒரே கோப்பு) எடுப்பதா, ஃபோல்டரையே நகலெடுப்பதா?

#24 ஆணிவேர்

முதலில் விஎம்மை எக்ஸ்பிக்குள்ளேயே ஷட்டவுன் செய்யுங்கள். சேவ் ஸ்டேட்டில் நிறுத்திய விஎம் வேறு சிபியு, வேறு விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்பில் எழுந்திருக்காது.

ஓவிஏவில் இப்போதைய நிலை மட்டும் போகும், ஸ்னாப்ஷாட்கள் போகாது. இரண்டாவது டிஸ்க்கும் சேர்ந்தே போகும், ஆனால் ரைட்த்ரூ வகை அங்கே போய் இறக்கியதும் சாதாரண வகையாகியிருக்கலாம், ஒருமுறை பாருங்கள். இறக்கும்போது மேக் முகவரி பற்றிக் கேட்கும், எல்லாவற்றையும் அப்படியே வை என்பதைக் கொடுங்கள். புது முகவரி போட்டால் ஆக்டிவேஷன் அதையும் ஒரு மாற்றமாக எண்ணும்.

ஃபோல்டர் நகல் எடுத்தால் ஸ்னாப்ஷாட்களும் வரும், அங்கே ஆட் கொடுத்து விபாக்ஸ் கோப்பைக் காட்டினால் போதும். பெரிதாகிவிட்ட விடிஐயை முதலில் சுருக்குங்கள்: எக்ஸ்பிக்குள் பழைய எஸ்டெலீட் பதிப்பால் காலியிடத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு, வெளியே வந்து விபாக்ஸ்மேனேஜின் காம்பாக்ட். உள்ளே ஃபைலை அழிப்பதால் மட்டும் வெளியே இடம் குறையாது. ஸ்னாப்ஷாட் தொங்கும் டிஸ்க்கில் சுருக்குவது பலன் தராது, அவற்றை முதலில் நீக்குங்கள். நீக்கும்போது ஒன்றோடொன்று கலக்கத் தற்காலிக இடம் வேண்டும், டிஸ்க்கில் இன்னொரு 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

லாக்கைப் பெட்டியோடு வைத்துவிடாதீர்கள், எந்தக் கணினி ஓடுகிறதோ அதில் செருக வேண்டும். இரண்டு நகல் இருந்தாலும் லாக் ஒன்றுதானே.